இந்தப் பெட்டி காணாது: ‘குறைந்தபட்சத் தேவைகள்’ என்ற பட்டியலின் கதை

போன வருடக் கடைசியில் எங்கட வீட்டுக்கு ஒரு கொம்பியூட்டர் வந்தது. கொழும்பில் ஏதோ ஒரு அலுவலகம் கழித்துவிட்ட பெட்டி. தங்கச்சி ஏ.எல்.இல் ஐசிடி படிக்கிறாள் என்பதற்காக அப்பா கொஞ்சம் கொஞ்சமாகக் காசு சேர்த்து வாங்கினது. கோர் ஐ5 ப்ரொசெசர், 8 ஜீபி ராம், விண்டோஸ் 11. கடைக்காரர் மொனிட்டரில் கொழுவிக் காட்டினார். நீல நிறத்தில் நாலு சதுரம் வந்து நின்றது. நாங்களும் சந்தோசமாகத் தூக்கிக்கொண்டு வந்தோம்.

ஒரு மாதம் கழித்துத் தங்கச்சிதான் கண்டுபிடித்தாள். “அண்ணா, இது 23எச்2. இதுக்கு அப்டேட் குடுக்கிறது நவம்பரோட முடிஞ்சுதாம். அடுத்த வேர்ஷன் வருகுதும் இல்லை.” மைக்ரோசொப்டின் பரிசோதனை மென்பொருளை இறக்கி ஓடவிட்டோம். இந்தக் கணினி விண்டோஸ் 11இன் குறைந்தபட்சத் தேவைகளைப் பூர்த்தி செய்யவில்லை என்று அது சொன்னது. விண்டோஸ் 11 ஓடிக்கொண்டிருக்கிற பெட்டி, தனக்கு விண்டோஸ் 11 ஓட்டுகிற தகுதி இல்லை என்று தானே சொல்லுது! அப்பா கடைக்குப் போய்க் கேட்டார். கிடைத்த பதில் ஒரே வசனம்: “ஓடுது தானே ஐயா?”

கடைக்காரர் சொன்னதில் பிழை இல்லை என்பதுதான் இதில் வினோதம். ஓடுது. ஓடும்போது ‘ஓடாது’ என்று எழுதி வைத்த பட்டியல் என்ன பட்டியல்? அதை யார், எதைப் பார்த்து எழுதுகிறார்கள்? இந்தக் கேள்வியோடு பின்னோக்கிப் போனால் அறுபது வருடக் கதை ஒன்று கிடைக்கிறது. (பள்ளிக்கூடப் புத்தகத்தில் ‘பணிசெயல் முறைமை’ என்று இருப்பதை நான் இங்கே ஓஎஸ் என்றே எழுதப்போகிறேன். வாயில் வருவது அதுதான்.)

1964 ஏப்ரல் 7ஆம் திகதி ஐபிஎம் கொம்பனி சிஸ்டம்/360 என்ற கணினிக் குடும்பத்தை அறிவித்தது. அதுவரைக்கும் ஒரு மொடலுக்கு எழுதின புரோகிராம் இன்னொரு மொடலில் ஓடாது. பெரிய மெசின் வாங்கினால் எல்லாவற்றையும் திரும்ப எழுத வேண்டும். 360இன் வாக்குறுதி, சின்னதிலிருந்து பெரியது வரைக்கும் எல்லாம் ஒரே பாஷை பேசும் என்பது. அதற்கென்று ஓஎஸ்/360 என்ற ஒரே ஓஎஸ் வரும் என்றார்கள். வந்தது, பிந்தி வந்தது. வந்தபோது 16 கிலோபைட் நினைவகம் உள்ள சின்ன மெசின்களுக்குள் அது நுழையவே இல்லை. வாங்கினவர்களைக் கைவிட முடியாது என்பதால் ஐபிஎம் அவசர அவசரமாக டொஸ்/360 என்ற சின்ன ஓஎஸ் ஒன்றைச் செய்து கொடுத்தது. (பிறகு வந்த எம்எஸ்-டொஸுக்கும் இதற்கும் உறவில்லை.) தற்காலிகத் தீர்வாகச் செய்த அதன் வழித்தோன்றல் பல தசாப்தங்கள் தாண்டியும் பாவனையில் இருந்தது. ஓஎஸ் பெட்டிக்குள் அடங்காவிட்டால் ஓஎஸைச் சின்னனாக்கு என்பதுதான் அன்றைக்கு எடுத்த முடிவு. வாடிக்கையாளரும் பெட்டியும் ஓஎஸும் ஒரே கொம்பனியின் கையில் இருந்தபடியால் அப்படி எடுக்க முடிந்தது.

வீட்டுக் கணினிகள் வந்த பிறகு பெட்டி ஒருவருடையது, உள்ளே இருக்கிற சிப் இன்னொருவருடையது, ஓஎஸ் வேறொருவருடையது. அப்போது ‘குறைந்தபட்சத் தேவைகள்’ என்ற பட்டியல் மூன்று பேருக்கு நடுவிலான பேரம் ஆகிவிட்டது. வாங்குகிற நாலாவது ஆள் அந்த மேசையில் இல்லை.

பட்டியலைக் குறைத்து எழுதினாலும் சேதம் வரும் என்பதற்கு ஓஎஸ்/2 ஒரு நல்ல உதாரணம். 1980களின் நடுவில் ஐபிஎம்மும் மைக்ரோசொப்டும் சேர்ந்து இதைச் செய்தன. 386 சிப்பை இன்டெல் 1985இலேயே அறிவித்துவிட்டது. ஆனால் ஐபிஎம் அதற்கு முந்தின 286 சிப் போட்ட பீசி/ஏடி கணினிகளை 1984இலிருந்து விற்று வந்திருந்தது. அந்த வாடிக்கையாளர்களுக்குப் புது ஓஎஸ் வேலை செய்யும் என்று வாக்குக் கொடுத்திருந்தது. ஆகவே ஓஎஸ்/2ஐ 286க்கு எழுதினார்கள். 286இல் ஒரு பெரிய குறை: பாதுகாப்பான நவீன நிலைக்குப் போனால், பழைய டொஸ் புரோகிராம்கள் ஓடுகிற நிலைக்குத் திரும்ப ஒழுங்கான வழி கிடையாது, சிப்பையே ரீசெட் பண்ண வேண்டும். இதனால் 1987 டிசெம்பரில் வந்த ஓஎஸ்/2இல் ஒரு நேரத்தில் ஒரேயொரு டொஸ் புரோகிராமைத்தான் ஓட்டலாம். சனம் பாவித்ததெல்லாம் டொஸ் புரோகிராம்கள். பழைய வாடிக்கையாளருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றப் போய் எல்லாருக்கும் அரைகுறையான சாமான் கிடைத்தது. 1990 மே மாதம் வந்த விண்டோஸ் 3.0 கெட்டிக்காரத்தனமாக மூன்று முகத்தோடு வந்தது: மிகப் பழைய பெட்டிக்கு ஒன்று, 286க்கு ஒன்று, 386க்கு ஒன்று. எந்தப் பெட்டியில் போட்டாலும் அதற்கேற்ற முகத்தைக் காட்டும். மிச்சக் கதை தெரிந்ததுதான்.

அடுத்தது விண்டோஸ் 95. 1995 ஓகஸ்ட் 24. (யாழ்ப்பாணத்தில் அந்த நேரம் வீட்டுக்கு மின்சாரம் வந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. இரண்டு மாதத்தில் ஊரே இடம்பெயர்ந்தது. அந்த வெளியீட்டு விழா நடந்த உலகம் வேற.) பெட்டியில் எழுதியிருந்த குறைந்தபட்சம்: 386 ப்ரொசெசர், 4 எம்பி ராம். 8 எம்பி இருந்தால் நல்லது என்று பக்கத்தில். அந்த 4 என்ற எண் எங்கிருந்து வந்தது? அன்றைக்கு வீடுகளில் இருந்த ஏராளமான விண்டோஸ் 3.1 கணினிகளில் 4 எம்பிதான் இருந்தது. அவர்களை விட்டுவிட்டு ஓஎஸ் விற்க முடியாது. ஆகவே 4 எம்பியில் ஓட வேண்டும் என்பதை இலக்காக வைத்தே அதை எழுதினார்கள்.

ஓடத்தான் செய்தது. எப்படி என்றால், ராம் முடிந்ததும் ஓஎஸ் அங்கே இருப்பதில் ஒரு பகுதியைத் தூக்கி ஹார்ட் டிஸ்க்கில் வைக்கும், தேவைப்படும்போது திரும்ப எடுக்கும். மேசையில் இடமில்லாதபோது புத்தகங்களைத் தரையில் அடுக்கிவைத்துப் படிப்பதுபோல. ஆனால் டிஸ்க் ராமைவிடப் பல்லாயிரம் மடங்கு மெதுவானது. 4 எம்பிக்காரர் ஒரு மெனுவைத் திறந்துவிட்டு, டிஸ்க் கரகரவென்று சத்தம் போடுவதைக் கேட்டுக்கொண்டு காத்திருந்தார். பட்டியலில் பொய் இல்லை. ஆனால் ‘ஓடும்’ என்ற சொல்லுக்கும் ‘பாவிக்கலாம்’ என்ற சொல்லுக்கும் நடுவில் இருந்த 4 எம்பி தூரத்தை வாங்கினவர்தான் தன்ர காசில் நிரப்ப வேண்டியிருந்தது.

ராம் அப்போது மலிவும் இல்லை. 1993 ஜூலையில் ஜப்பானின் நீஹாமா நகரில் சுமிட்டோமோ கெமிக்கல் தொழிற்சாலையில் வெடிவிபத்து ஒன்று நடந்தது. சிப்புகளை மூடி ஒட்டுவதற்கான எபொக்சி பிசினில் உலகத் தேவையின் பெரும் பங்கு அந்த ஒரு தொழிற்சாலையில்தான் உருவானது. நினைவகச் சிப் விலை சடாரென ஏறியது. 1995இலும் அமெரிக்காவில் ஒரு எம்பி ராம் 30 டொலர் அளவில் விற்றது. 4இலிருந்து 8க்குப் போக நூறு டொலருக்கு மேல். விண்டோஸ் 95இன் அப்கிரேட் பதிப்பின் விலையை விடக் கூட.

இப்படி ஒரு இடைவெளி இருந்தால் அதற்குள் ஒரு வியாபாரி வராமல் இருப்பாரா? சின்க்ரோனிஸ் என்ற கலிபோர்னியாக் கொம்பனி ‘சொஃப்ட்ராம் 95’ என்ற மென்பொருளை வெளியிட்டது. ராம் வாங்கத் தேவையில்லை, இதைப் போட்டால் உள்ளே இருப்பதைச் சுருக்கி, இருக்கிற ராமை இரட்டிப்பாக்கும் என்பது விளம்பரம். ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகள் விற்றன. மார்க் ருசினோவிச், பிரைஸ் கொக்ஸ்வெல், அன்ட்ரூ ஷுல்மன் போன்ற நிபுணர்கள் அதைப் பிரித்துப் பார்த்தார்கள். உள்ளே சுருக்குகிற வேலை எதுவும் நடக்கவில்லை. மைக்ரோசொப்ட் நிரலாளர்களுக்கு மாதிரியாகக் கொடுத்த நிரல்தான் கொஞ்சம் மாற்றத்தோடு அங்கே இருந்தது. திரையில் மட்டும் எண் இரட்டிப்பாகத் தெரிந்தது. 1996இல் அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு நடவடிக்கை எடுத்தது. 1998இல் கொம்பனி வங்குரோத்து. கணினி உலகத்தின் பெரிய ஏமாற்றுகளில் ஒன்றாக இதைச் சொல்லுவார்கள். எனக்கென்றால், அந்த ஆறு இலட்சம் பேரும் ஏமாளிகளாகத் தெரியவில்லை. 4 எம்பி போதும் என்று பெட்டியில் வாசித்து வாங்கினவர்கள்தானே அவர்கள்.

அதே 1995இல்தான் நிக்லாஸ் வேர்த் என்ற சுவிஸ் கணினி அறிஞர் ஒரு கட்டுரை எழுதினார். பாஸ்கல் மொழியை உருவாக்கியவர். வன்பொருள் வேகமாவதை விட வேகமாக மென்பொருள் மந்தமாகிறது என்பது அவருடைய குற்றச்சாட்டு. இன்றைக்கு அதை ‘வேர்த்தின் விதி’ என்று சொல்லுகிறார்கள், அவரோ அந்தக் கருத்தை மார்ட்டின் ரைசர் என்ற சகாவுடையது என்றே எழுதினார். விண்டோஸின் குறைந்தபட்ச ராமை மட்டும் வரிசையாக வைத்துப் பாருங்கோ: 1995இல் 4 எம்பி, 2001இல் எக்ஸ்பிக்கு 64 எம்பி, 2007இல் விஸ்டாவுக்கு 512 எம்பி, 2021இல் 11க்கு 4 ஜீபி. இருபத்தாறு வருடத்தில் 1024 மடங்கு. நாங்கள் டைப் பண்ணுகிற வேகம் ஒரு மடங்கும் கூடவில்லை.

ஆனால் வேர்த்தோடு முழுக்க ஒத்துப்போக எனக்கு மனம் வரவில்லை. காரணம் தமிழ்.

யுனிகோடில் தமிழ் 1991இலிருந்தே இருக்கிறது. ஆனால் எழுத்துக்கு எண் கொடுத்தால் மட்டும் தமிழ் திரையில் வந்துவிடாது. ‘கொ’ என்று எழுதினால் உள்ளே சேமிக்கப்படுவது ககரமும் அதற்குப் பின்னால் ஒகரக் குறியும். கொம்பைக் ககரத்துக்கு முன்னுக்குத் தூக்கி வைத்து, அரவைப் பின்னுக்கு வைத்துக் காட்டுவது ஓஎஸின் வேலை. அந்த வேலையைத் தமிழுக்கு முழுமையாகச் செய்த முதல் விண்டோஸ், ‘லதா’ எழுத்துருவோடு வந்த விண்டோஸ் 2000. விண்டோஸ் 98இல் பிரவுசரைப் புதுப்பித்து, எழுத்துருவைத் தனியாகப் போட்டு ஓரளவு வாசிக்கலாம். எழுதுவது பெரிய பாடு. இப்போது பட்டியலைப் பாருங்கோ: விண்டோஸ் 98க்கு 16 எம்பி ராம் போதும். விண்டோஸ் 2000க்கு 64 எம்பி. நாலு மடங்கு. ஒரு ஆங்கிலேயருக்கு அந்த நாலு மடங்கு ஆடம்பரமாக இருக்கலாம். எங்களுக்கு அதற்குள்தான் எங்கட எழுத்து இருந்தது.

பாமினி மாதிரியான எழுத்துருக்கள் ஏன் இவ்வளவு காலம் நின்றன என்பதற்கும் இதில் ஒரு விடை இருக்கிறது. பாமினி ஓஎஸிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருந்தபடியால் விண்டோஸ் அதை ஆங்கிலம் என்றே நினைத்துக்கொண்டது. எந்தப் பழைய பெட்டியிலும் ஓடும். அச்சகத்தில் பத்து வருடப் பழைய கணினி இருந்தால் பாமினிதான் வழி. எக்ஸ்பி வந்த பிறகும்கூடத் தமிழ் தானாக வேலை செய்யாது. கொன்ட்ரோல் பனலுக்குள் போய் ஒரு பெட்டியில் சரி அடையாளம் போட்டு, சீடியை உள்ளே போட்டு மிச்சக் கோப்புகளை ஏற்ற வேண்டும். எங்களுக்கு முந்தின தலைமுறைத் தமிழ் வலைப்பதிவர்கள் பதிவு எழுதுவதற்குச் சமமாக இந்த வழிமுறைகளை ஒருவருக்கொருவர் விளங்கப்படுத்துவதிலும் நேரம் செலவழித்திருக்கிறார்கள்.

இனி விஸ்டா. பட்டியல் எப்படி எழுதப்படுகிறது என்பது நீதிமன்ற ஆவணமாகவே எங்களுக்குக் கிடைத்திருக்கிற ஒரே சந்தர்ப்பம் இதுதான் என்று நினைக்கிறேன்.

விண்டோஸ் விஸ்டா 2006 நத்தாருக்கு முன் வரவேண்டியது. பிந்தி, பொதுமக்களுக்கு 2007 ஜனவரி 30இல்தான் வந்தது. புது ஓஎஸ் வரப்போகுது என்றால் சனம் கொம்பியூட்டர் வாங்காமல் காத்திருக்கும். நத்தார் விற்பனை படுத்துவிடும். ஆகவே 2006இலேயே எக்ஸ்பி போட்ட கணினிகளில் ‘விஸ்டா கேப்பபிள்’ என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார்கள்: இப்போது வாங்குங்கோ, பிறகு விஸ்டா போடலாம் என்ற அர்த்தத்தில். விஸ்டாவின் அழகே ‘ஏரோ’ என்ற கண்ணாடி மாதிரியான திரை. அதற்குப் புதுவிதமான கிராபிக்ஸ் டிரைவரை ஏற்கிற சிப் தேவை. முதலில் ஸ்டிக்கருக்கு அந்த டிரைவர் ஆதரவு கட்டாயம் என்றுதான் இருந்தது. இன்டெலின் 915 என்ற சிப்செட்டில் அந்த ஆதரவு இல்லை. கடைகளுக்குப் போகிற மலிவான லப்டொப்புகளில் ஏராளமானவற்றில் இருந்தது அதே 915.

2006 தொடக்கத்தில் அந்த நிபந்தனை ஸ்டிக்கரிலிருந்து எடுக்கப்பட்டது. 2007இல் வாங்கினவர்கள் சியாட்டிலில் வழக்குப் போட்டார்கள். நீதிபதி மார்ஷா பெக்மன் முன் நடந்த அந்த வழக்கில் மைக்ரோசொப்டின் உள்வீட்டு மின்னஞ்சல்கள் 2008 பெப்ரவரியில் வெளியில் வந்தன. ஜோன் கல்க்மன் என்ற அதிகாரி எழுதியிருந்ததன் சாரம்: இன்டெல் அந்தக் காலாண்டுக்கான வருமானத்தை எட்ட உதவியாக, 915 போட்ட போர்டுகளை அவர்கள் தொடர்ந்து விற்கட்டும் என்று நாங்கள் தேவையைக் குறைத்தோம். துணைத் தலைவர்களில் ஒருவரான மைக் நாஷ் அந்த ஸ்டிக்கரை நம்பி 915 போட்ட லப்டொப் வாங்கி, 2100 டொலர் கொடுத்து மின்னஞ்சல் பார்க்கிற மெசின் ஒன்றை வாங்கிவிட்டேன் என்று நொந்து எழுதியிருந்தார். விதியை நம்பி விஸ்டாவுக்கு ஏற்ற கிராபிக்ஸில் ஏற்கெனவே காசு போட்டிருந்த எச்பி கொம்பனி கொதித்துப்போனது. சொந்தக் கொம்பனியின் துணைத் தலைவருக்கே ஸ்டிக்கரின் அர்த்தம் விளங்கவில்லை என்றால், கடையில் நிற்கிற அம்மா ஒருவருக்கு எப்படி விளங்கும்?

வாங்கினவர்கள் எல்லாரையும் ஒரே தரப்பாகச் சேர்த்து நடத்தும் அனுமதியை நீதிபதி 2009 பெப்ரவரியில் விலக்கினார். வழக்கின் பலம் அதோடு போய்விட்டது. மின்னஞ்சல்கள் மட்டும் மிச்சம்.

விஸ்டா இன்னொரு கூத்தையும் தொடக்கி வைத்தது. 2007இல் அசுஸ் கொம்பனி ‘ஈ பீசி’ என்ற கையடக்க லப்டொப்பை லினக்ஸோடு விட்டது. மலிவு, சின்னது, நன்றாக விற்றது. அந்தப் பெட்டிக்குள் விஸ்டா அடங்காது. மைக்ரோசொப்ட் 2008 ஏப்ரலில், கடையிலிருந்து எடுக்கப்போவதாக இருந்த எக்ஸ்பியை இந்த வகைச் சின்ன கணினிகளுக்கு மட்டும் தொடர்ந்து கொடுப்பதாக அறிவித்தது. ஆனால் மலிவான உரிமத்துக்கு நிபந்தனைகள்: திரை இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது, ராம் 1 ஜீபியைத் தாண்டக்கூடாது. அந்தக் கால நெட்புக்குகள் எல்லாம் அச்சில் வார்த்ததுபோல 1 ஜீபி ராமோடு இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஓஎஸுக்கு ஏற்றமாதிரிப் பெட்டியை வளர்க்கச் சொல்லி வந்தவர்கள், இங்கே ஓஎஸுக்கு ஏற்றமாதிரிப் பெட்டியை வளரவிடாமல் கட்டிவைத்தார்கள். சப்பாத்துக்கு அளவாகக் காலை வெட்டுகிற கதை.

2009இல் வந்த விண்டோஸ் 7 விஸ்டாவை விடப் பெரிதாகக் கூடுதலாக ஒன்றும் கேட்கவில்லை. 8உம் 10உம் அதே அளவில். பன்னிரண்டு வருடம் இந்தப் பட்டியலை யாரும் பெரிதாக எடுத்துப் பார்க்கத் தேவைப்படவில்லை. அதனாலோ என்னவோ 2021 ஜூன் 24ஆம் திகதி எல்லாரும் அதிர்ந்துபோனார்கள்.

விண்டோஸ் 11 கேட்ட ராமும் டிஸ்க்கும் பெரிதில்லை. கேட்டது வேறு: டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், செக்கியூர் பூட், இன்டெலில் எட்டாம் தலைமுறை, ஏஎம்டியில் ரைசன் 2000 அல்லது அதற்குப் பின். எட்டாம் தலைமுறை வந்தது 2017இல். அதாவது நாலைந்து வருடம் பழகின, நல்லாக ஓடுகிற கணினிகள் ஒரே நாளில் வெளியே. மைக்ரோசொப்டின் பரிசோதனை மென்பொருள் காரணமே சொல்லாமல் ‘தகுதியில்லை’ என்று மட்டும் சொல்லியது. கூச்சல் தாங்காமல் அதைத் திரும்ப எடுத்துத் திருத்தினார்கள். எத்தனையோ பேரின் பெட்டியில் டிபிஎம் இருந்தது, பயோஸுக்குள் அணைத்து வைக்கப்பட்டிருந்தது அவ்வளவுதான். இன்டெல் அதைப் பிடிடி என்று பெயர் போட்டு வைத்திருந்ததால் கண்டுபிடிப்பதும் கஷ்டம்.

பாதுகாப்பு என்ற காரணத்தை வெறும் சாட்டு என்று சொல்லமாட்டேன். டிபிஎம் என்பது பூட்டுத் திறப்புகளை ஓஎஸின் கைக்கே எட்டாத இடத்தில் வைக்கிற சிப். லப்டொப் களவு போனாலும் டிஸ்க்கை வாசிக்க முடியாது. 2017இல் வன்னாக்ரை உலகம் முழுக்க வைத்தியசாலைகளையும் கொம்பனிகளையும் முடக்கிய பிறகு, பழைய ஓஎஸ் போதும் என்று அலட்சியமாகப் பேசவும் முடியாது. விண்டோஸின் மையப் பகுதியைத் தனியே காவல் காக்கிற ‘நினைவக ஒருமைப்பாடு’ என்ற வசதி, சில ப்ரொசெசர்களில் இருக்கிற ஒரு விசேட அம்சத்தோடுதான் வேகமாக ஓடும். இல்லாதவற்றில் கணினி மந்தமாகும்.

சரி, அந்த அம்சம் எதில் இருக்கிறது? இன்டெலில் ஏழாம் தலைமுறையிலிருந்து. ஏஎம்டியில் ஸென் 2 வடிவமைப்பிலிருந்து. பட்டியலோ இன்டெல் ஏழை வெளியில் விட்டது. ஸென் 2க்கு முந்தின ரைசன் 2000ஐ உள்ளே எடுத்தது. அம்சம் இருக்கிறவன் வெளியே, இல்லாதவன் உள்ளே. இதற்கு மேல் ஒரு விசித்திரம்: மைக்ரோசொப்ட் தானே விற்றுவந்த விலையுயர்ந்த சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2இல் இருந்ததும் ஏழாம் தலைமுறைச் சிப். 2021 ஓகஸ்டில் அந்தச் சிப் மொடல் விசேடமாகப் பட்டியலில் சேர்க்கப்பட்டது, நவீன முறையில் எழுதின டிரைவர்களோடு வந்த கணினிகளுக்கு மட்டும் என்ற குறிப்போடு. 2006இல் இன்டெலின் காலாண்டுக்காக வளைந்த கோடு, 2021இல் சொந்தக் கடையின் சாமானுக்காக வளைந்தது.

உண்மையிலேயே தாண்ட முடியாத கோடு எப்படி இருக்கும் என்பதும் பிறகு தெரிந்தது. 2024இல் வந்த 24எச்2 பதிப்பு, பொப்கவுன்ட் போன்ற சில கட்டளைகள் இல்லாத ப்ரொசெசர்களில் எழும்பவே எழும்பாது. அவை பெரும்பாலும் 2008க்கு முந்தின சிப்புகள். அங்கே எந்தக் குறுக்குவழியும் இல்லை. மற்றக் கோட்டுக்கோ மைக்ரோசொப்டே ஒரு ரெஜிஸ்ட்ரித் திருத்தத்தைத் தன் தளத்தில் ஒருகாலத்தில் எழுதி வைத்திருந்தது. இரண்டு கோட்டையும் ஒரே பெயரில், ‘தேவை’ என்று எழுதுவதுதான் குழப்பம். ஒன்று சிப்பின் இயல்பு. மற்றது ஒரு கொம்பனி எடுத்த தீர்மானம்.

2025 ஒக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. அதற்கு முன்னரே, இதனால் ஏறக்குறைய 24 கோடிக் கணினிகள் திரும்ப விற்கும் பெறுமதியை இழக்கலாம் என்று கனலிஸ் என்ற ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டிருந்தது. பெரிய அலுவலகங்கள் கழித்துவிட்டன. கழித்த பெட்டிகள் காற்றில் கரைவதில்லை. துடைத்து, புது டிஸ்க் போட்டு, எங்களைப் போன்றவர்களுக்கு விற்கப்படுகின்றன. 2006இல் ஸ்டிக்கர் ஒட்டி விற்றார்கள். இப்போது ஸ்டிக்கர்கூடத் தேவையில்லை, குறுக்குவழியில் 11ஐப் போட்டுவிட்டால் அந்த நீலச் சதுரமே ஸ்டிக்கர். அப்படிப் போட்ட பெட்டிக்கு மாதாந்தத் திருத்தங்கள் வரும், வருடாந்தப் புதுப் பதிப்பு தானாக வராது. இருக்கிற பதிப்பின் காலம் முடிந்ததும் சத்தமில்லாமல் எல்லாம் நிற்கும். எங்கட பெட்டியில் நடந்தது அதுதான். ஆறாம் தலைமுறை ஐ5. 2015இல் வந்த சிப். டிபிஎம்கூட உள்ளே இருக்கிறது, பயோஸில் பார்த்தேன். ப்ரொசெசர் மட்டும் பட்டியலில் இல்லை.

லினக்ஸ் மட்டும் இதில் புனிதர் இல்லை. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் அதை எழுதத் தொடங்கியது ஒரு 386இல். 2013இல் வந்த 3.8 பதிப்போடு அந்த 386க்கே ஆதரவு நிறுத்தப்பட்டது. டெபியன் 2025இல் 32-பிட் பீசிகளில் நிறுவுவதை விட்டது. ஆனால் அங்கே கோடு இருபது வருடத்துக்குப் பின்னால் விழுகிறது, ஐந்து வருடத்துக்குப் பின்னால் இல்லை.

எங்களுக்கு முன்னால் மூன்று வழி இருந்தது. 24எச்2ஐக் கையால் வலிந்து ஏற்றுவது. அடுத்த வருடமும் அதே வேலை. விண்டோஸ் 10க்குத் திரும்பி, மைக்ரோசொப்ட் கொடுக்கிற ஒரு வருட மேலதிகப் பாதுகாப்பை வாங்குவது; 30 டொலர், அல்லது அமைப்புகளை அவர்கள் கணக்கோடு இணைத்தால் இலவசம். இல்லையென்றால் லினக்ஸ். தங்கச்சியின் பாடத்துக்கு வேண்டிய பைதனும் எச்டிஎம்எல்லும் எஸ்கியூஎல்லும் எதிலும் ஓடும் என்பதால் லினக்ஸ் மின்ட் போட்டோம். தமிழ் எந்தச் சீடியும் கேட்காமல் வந்தது. கொம்பு கொம்பின் இடத்தில் நின்றது.

இரண்டாம் நாள் அவளுடைய ரியூசன் மாஸ்டர் அனுப்பின மாதிரி வினாத்தாள் திறக்கவில்லை. திறந்தது, ஆனால் பக்கம் முழுக்க அர்த்தமில்லாத ஆங்கில எழுத்து. “அண்ணா, உங்கட லினக்ஸ் பழுது.” பார்த்தால் மாஸ்டர் இன்னும் பாமினியில்தான் அடிக்கிறார். பக்கத்து அச்சகத்தில் போய் எழுத்துருவை யூஎஸ்பியில் வாங்கிவந்து போட்டோம். முதலாம் கேள்வி வந்தது: பணிசெயல் முறைமையின் தொழில்கள் நான்கு தருக.